திண்ணையில் எடுத்த முடிவு

(ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர் விராலிமலையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனா தடுப்பூசியைப் பற்றிய பேச்சு என்றதும் நான் கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கணக்கு எல்லோருக்கும் கிடைக்கிறது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று முதல் ஊசி. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று 100 கோடி. 2022 ஜூலை 17 அன்று 200 கோடி. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ஒரு வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. யார் முதலில் போவது, காய்ச்சல் வந்தால் யார் சமைப்பது, வேலைக்குப் போகாத நாள் கூலிக்கு என்ன வழி, வேண்டாம் என்று அடம்பிடிக்கிற அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது. அந்தப் பேச்சு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தவள் நான். அதனால் அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊசி கையில் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் முடிவாக வேண்டும். வீட்டில் முடிவாக வேண்டுமானால், கேட்கிற கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்ல, தெரிந்த ஆள் ஒருவர் திண்ணைக்கு வந்து உட்கார வேண்டும். அப்படி ஆள் வந்த இடங்களில் ஊசி ஏறியது. வராத இடங்களில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் அம்மை என்றால் அது நோய் மட்டும் இல்லை, வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்று பொருள். நார்த்தாமலை, கொன்னையூர், திருவப்பூர் என்று மாரியம்மன் கோயில்கள் சூழ்ந்த மண் இது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வர மாட்டார்கள், வீட்டார் வெளியே போக மாட்டார்கள். தாளிப்பு கிடையாது, விருந்து கிடையாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை எந்த விசேஷமும் கிடையாது. 2020-இல் தெருவில் தகரம் அடித்து, வாசலில் நோட்டீஸ் ஒட்டி அரசு செய்த தனிமைப்படுத்தலை நம் பாட்டிமார்கள் வேப்பிலை வைத்தே செய்திருந்தார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த வீடுகளுக்குத்தான் அம்மை குத்துகிறவர் வந்தார். இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பு 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமிக்குப் போடப்பட்டது. அந்தக் காலத்தில் மருந்து குப்பியில் வராது. ஒரு குழந்தையின் கையில் கிளம்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றுவார்கள். யார் வீட்டுக் குழந்தையின் நீர், யார் வீட்டுக் குழந்தையின் கையில் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பிள்ளைக்கு மறுபடி வலிக்குமே என்ற தாயின் வேதனையும் அதோடு சேர்ந்தது. கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கும் முறை பரவிய பிறகும், 1899-இல் சென்னை கிண்டியில் கிங் நிறுவனம் தொடங்கி நம் மாகாணத்திலேயே அந்த மருந்தைச் செய்த பிறகும், பயம் உடனே போகவில்லை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் நுழைந்தால் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்ததாக நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவர்களின் கையிலும் வட்டத் தழும்பு இருந்தது. ஒளித்தும் பார்த்திருக்கிறார்கள், பிறகு போட்டும் இருக்கிறார்கள். 1975 மே மாதம் அசாமில் கண்டறியப்பட்டதோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

தயக்கம் என்றாலே படிக்காதவர்கள் தலையில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. 1955-இல் பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்து ஒரு தனிச் சிறுநூலே எழுதினார் ஒருவர். அவர் ராஜாஜி. நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இந்த மாகாணத்தின் முதல்வராகவும் இருந்தவர். அவருடைய முடிவு சரியில்லை என்பதே என் கருத்து. ஆனால் அத்தனை படித்தவருக்கே கேள்வி இருந்தது என்றால், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவுக்குக் கேள்வி இருப்பதில் என்ன வியப்பு?

இனி 2021-க்கு வருகிறேன். அந்த ஆண்டில் நாங்கள் சந்தித்த பெரிய சிக்கல் வெளியில் அதிகம் பேசப்படவில்லை. அதுவரை தடுப்பூசி என்றால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்தான். பேறுகாலத்தில் பதிவு, தாய்க்கு டி.டி. ஊசி, குழந்தைக்கு வரிசையாக ஊசிகள், போலியோ சொட்டு மருந்து. எங்கள் பதிவேடுகள் எல்லாம் தாயும் சேயும்தான். ஐம்பது வயது ஆண் ஒருவரிடம் "அண்ணே, கையக் காட்டுங்க" என்று கேட்ட அனுபவம் எங்களுக்கும் இல்லை, காட்டிய பழக்கம் அவர்களுக்கும் இல்லை. குழந்தைக்கு ஊசி என்றால் அம்மா தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்பாவுக்கு ஊசி என்றால் யார் கூட்டி வருவது? வீட்டில் அதுவரை மேலிருந்து கீழே போன அதிகாரம் முதல் முறையாகத் திசை மாறியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி தாத்தாவிடம் வாதாடினாள். மருமகள் மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். சில வீடுகளில் பெண்டாட்டி போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆகல, இப்பப் போறீங்களா இல்லையா" என்று கேட்ட பிறகே கணவர் கிளம்பினார்.

முதலில் ஊசி வந்தது சுகாதாரப் பணியாளர்களுக்கு. எங்களிடையேயும் தயக்கம் இருந்தது. கோவாக்சின் தடுப்பூசிக்கு ஜனவரி 3 அன்று அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவுகள் வந்திருக்கவில்லை. மருத்துவமனைகளிலேயே பலர் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தார்கள். அப்போது நம் விராலிமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சி.விஜயபாஸ்கர்தான் மாநில சுகாதாரத்துறை அமைச்சர். அவரும் ஒரு மருத்துவர். ஜனவரி 22 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அவர் கோவாக்சின் போட்டுக்கொண்டார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "நர்சம்மா, நீங்க போட்டுட்டீங்களா?" என்பதுதான். அமைச்சர் தூரத்தில் இருக்கிறார், நர்சம்மா நாளைக்கும் இதே தெருவில் நடக்க வேண்டியவள். போட்டேன், ஒரு நாள் காய்ச்சல் அடித்தது, மாத்திரை போட்டேன், மறுநாள் வேலைக்கு வந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். காய்ச்சல் வராது என்று சொல்லியிருந்தால் முதல் காய்ச்சலிலேயே என் பேச்சு எடுபடாமல் போயிருக்கும்.

மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்றவை உள்ள, நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும். ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து கடந்த எல்லோருக்கும். அந்த நேரத்தில்தான் நடிகர் விவேக் விஷயம் நடந்தது. ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் வளாக அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மக்களும் போட வேண்டும் என்று பேசினார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் இறந்துபோனார். தமிழ்நாடு முழுக்க அழுதது. ஊசியால்தான் போனார் என்ற பேச்சு அன்றைக்கே வீடு வீடாகப் பரவியது. அது ஊசியால் நேர்ந்தது இல்லை என்று தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபர் மாதத்தில். இடையில் ஆறு மாதம். ஆறு மாதமும் அந்தக் கேள்வி திண்ணையில் பதிலில்லாமல் கிடந்தது. கேள்விக்குப் பதில் தாமதமானால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன்.

பிறகு மே மாதம். அந்த மாதத்தை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த குடும்பங்கள். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்கள் விடியற்காலையில் சுகாதார நிலைய வாசலில் வந்து நின்றார்கள். ஆனால் அப்போது ஊசி இல்லை. டோக்கன் இருந்தவர்களுக்கு மட்டும் என்றோம். ஆள் குறைவாக வந்த நாட்களில் வேறு சிக்கல். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து, திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஏழு பேர் வந்திருந்தால் இன்னும் மூன்று பேர் வரட்டும் என்று காக்க வைப்போம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவரைக் காக்க வைப்பது எளிதில்லை. அந்தக் காத்திருப்பில் ஒரு நன்மையும் நடந்தது. உட்கார்ந்திருந்த ஏழு பேரும் போன் போட்டுத் தங்கள் அண்ணன் தம்பியை, பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தார்கள். குப்பியை உடைக்க ஆள் சேர்த்தது அவர்கள்தான்.

பதிவு செய்வது இன்னொரு பாடு. கோவின் தளத்தில் தொடக்கத்தில் தமிழ் இல்லை. ஜூனில் பல மாநில மொழிகளைச் சேர்த்தபோதும் தமிழ் விடுபட்டு, குரல் எழுந்த பிறகே வந்தது. அப்போது ஒரு போன் எண்ணில் நான்கு பேர்தான் பதிய முடிந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஐந்தாவது ஆளுக்கு யார் எண்ணைத் தேடுவது? திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓடிபி வருவதற்காக அவனை மில்லிலிருந்து வெளியே வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கையில் ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களை இந்த முறை வெளியே நிறுத்திவிடும் என்று பயந்தோம். நேரில் வந்தாலே பதிவு செய்து போடலாம் என்று ஆனபோது மூச்சு வந்தது.

இரண்டாம் ஊசிக்கான இடைவெளியும் குழப்பியது. மற்றொரு ஊசியான கோவிஷீல்டுக்கு முதலில் 4 முதல் 6 வாரம் என்றோம். பிறகு 6 முதல் 8. மே நடுவில் 12 முதல் 16. "ஊசி இல்லைன்னு தள்ளிப் போடுறீங்களா?" என்று நேராகவே கேட்டார்கள். தட்டுப்பாடு இருந்தது உண்மை. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி நன்றாக அமைகிறது என்று ஆய்வு சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொன்னவர்களை நம்பவில்லை.

வெளிநாட்டில் பிழைப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. விடுமுறைக்கு வந்து சிக்கிக்கொண்டவர்கள், விசா முடிவதற்குள் திரும்ப வேண்டியவர்கள். அவர்களுக்கு எந்த ஊசி என்பது பிழைப்புப் பிரச்சினை. கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது 2021 நவம்பர் 3 அன்றுதான். அதற்கு முன் அதைப் போட்டவர்கள் பல நாடுகளுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். ஜூனில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 28 நாளுக்குப் பிறகு கோவிஷீல்டு இரண்டாம் ஊசி போடலாம், சான்றிதழில் கடவுச்சீட்டு எண்ணைச் சேர்க்கலாம் என்று விதி வந்தது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய வீட்டில் அந்த ஒரு தாளுக்காக எத்தனை பேர் தூங்காமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெண்கள் கேட்ட கேள்விகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு ஊசி தொடங்கும் முன்பே, மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் போடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. குழந்தை தங்காது என்றார்கள். போட்டவர்கள் எல்லோரும் இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்று பிரான்ஸ் நாட்டு நோபல் விஞ்ஞானி சொன்னதாக ஒரு பொய், மே மாதச் சாவுகளுக்கு நடுவே சுற்றியது. கல்யாணம் ஆகி ஒரு வருடமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் இதையெல்லாம் சிரித்துத் தள்ள முடியாது. கர்ப்பிணிகள் போடலாம் என்று ஒன்றிய அரசு அனுமதித்தது ஜூலை 2 அன்று. அதுவரை அவர்களைக் காக்க வழியில்லாமல் நாங்கள் தவித்தோம். ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு தள்ளிப் போனது என்று பெண்கள் சொன்னதைப் பலர் மனப்பிரமை என்றார்கள். பின்னால் நடந்த ஆய்வுகள், சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தாமதம் உண்டு, அது தானே சரியாகிவிடுகிறது, கருத்தரிப்பைப் பாதிப்பதில்லை என்று காட்டின. பெண்கள் சொன்னது சரிதான். அவர்கள் பயந்த விளைவுதான் இல்லை. முதலிலேயே காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 12 அன்று முதல் மெகா முகாம். மாநிலம் முழுக்க 40 ஆயிரம் இடங்கள், 20 லட்சம் பேர் இலக்கு, 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், பேருந்து நிலையம், வேலை நடக்கும் கண்மாய்க் கரை என்று ஊசி ஆளைத் தேடிப் போனது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள், குடிக்கிற நாள். ஊசி போட்டால் இரண்டையும் விட வேண்டும் என்று பலர் நம்பி ஒதுங்கினார்கள். அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன் இந்தக் காரணத்தையே வெளிப்படையாகச் சொன்னார். மக்களுடைய வாரத்தைப் பார்த்து அரசு தன் நாளை மாற்றிக்கொண்டது நல்ல செயல்.

ஜல்லிக்கட்டையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஜனவரியில் காளை உரிமையாளரும் உடன் வருகிறவரும் இரண்டு ஊசி போட்ட சான்றிதழைக் காட்டினால்தான் வாடிவாசலுக்கு வரலாம் என்று விதி. அந்த ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு ஜனவரி 13 அன்று நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் நடந்தது. அதுவரை எங்கள் கண்ணில் படாமல் திரிந்த இளவட்டங்கள் காளைக்காக வந்து கையை நீட்டினார்கள். வீட்டில் அம்மா சொல்லிக் கேட்காதவன் காளையின் பொருட்டுக் கேட்டான். மகிழ்ச்சிதான். ஆனாலும் கட்டாயத்தால் வந்த ஊசியையும் நம்பிக்கையால் வந்த ஊசியையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். கட்டாயம் அந்த ஜனவரியோடு முடிந்துவிடும். நம்பிக்கை அடுத்த நோய்க்கும் நிற்கும்.

இத்தனை பாடுபட்டோமே, பலன் இருந்ததா? நம் மாநிலத்துக் காவலர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்தது. சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் காவல்துறையோடு சேர்ந்து, 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரையான கணக்கைப் பார்த்தன. ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஒரு ஊசி போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். பத்தாயிரம் பேருக்கு என்று வைத்துப் பார்த்தால், போடாதவர்களில் ஏறக்குறைய பன்னிரண்டு, ஒன்று போட்டவர்களில் இரண்டு, இரண்டும் போட்டவர்களில் ஒன்றுக்கும் குறைவு. வீட்டுத் திண்ணையில் சொல்ல இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் நிலை வரலாம் என்பது 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டது. 2024-இல் இங்கிலாந்து நீதிமன்ற வழக்கில், அந்த ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராசெனகா நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது செய்தியானபோது, "அன்னைக்கே சொல்லலையே" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பாதிப்பு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது, ஆண்டுகள் கழித்து வருவதில்லை, ஆகவே இப்போது பயப்பட வேண்டாம் என்று விளக்கினோம். அரிது என்பதையும், உண்டு என்பதையும் ஊசி போடும் நாளிலேயே சொல்லும் பழக்கம் நம் மருத்துவத் துறைக்கு வர வேண்டும். மக்கள் தாங்கிக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், தெரிந்த ஆள் வந்து உட்கார்ந்து சொன்னால் மக்கள் ஏற்பார்கள் என்பதை நம் மாவட்டம் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் நடந்தது. கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள், பகலில் சைக்கிள் கற்றார்கள். சொல்லிக் கொடுத்தவர் அதே தெருப் பிள்ளை. 2021-இல் அந்தப் பெண்களுக்கு ஐம்பதும் அறுபதும் வயது. எங்கள் முகாமுக்குப் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக் கூட்டி வந்தவர்களில் அவர்கள் முன்னால் நின்றார்கள். சான்றிதழை வாங்கித் தங்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்தச் சொன்னார்கள்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். அடுத்த ஊசி வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமியருக்குப் படிப்படியாகப் போடுவோம் என்று 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெரும்பாலும் உடலுறவால் பரவும் ஒரு கிருமி பல ஆண்டுகள் உள்ளேயே இருந்து உண்டாக்கும் புற்றுநோய் அது. கிருமி தொடும் முன்னால், சிறு வயதிலேயே போட்டால்தான் முழுப் பலன். வயசுக்கு வந்த பெண்ணுக்கு எதற்கு இந்த ஊசி, பின்னால் குழந்தை பிறக்குமா, ஊரார் என்ன நினைப்பார்கள் என்று தாய்மார்கள் கேட்கத்தான் போகிறார்கள். 2021-இல் கேட்ட அதே கேள்விகள்.

இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டும் படித்த கல்லூரிக்குள் போராடி நுழைந்து மருத்துவரானார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அவர் பிறந்த மாவட்டத்தில் ஒரு பெண்கூடத் தடுக்கக்கூடிய புற்றுநோயால் சாகக் கூடாது என்பது என் ஆசை.

அதற்கு நான் உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, உங்கள் வீட்டில் 2021-இல் என்ன நடந்தது என்பதை எழுதி, இந்தக் கூட்டம் நடக்கும் நூலகத்தில் கொடுங்கள். யார் பயந்தார்கள், என்ன கேட்டார்கள், யார் சொல்லி மனம் மாறியது என்று ஒரு பக்கம் போதும். போடாமலே இருந்தவர்களும் எழுதுங்கள், அவர்கள் எழுதுவது எங்களுக்கு இன்னும் தேவை. இரண்டு, ஹெச்.பி.வி. ஊசி நம் பள்ளிகளுக்கு வரும்போது செவிலியரை உங்கள் தெருவுக்கு அழையுங்கள். தாய்மாரோடு தகப்பன்மாரும் உட்காருங்கள். மனதில் உள்ள எல்லாக் கேள்வியையும் கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லை என்றால் மறுபடி கேளுங்கள். செவிலியராக இருக்கும் என் தங்கைமார்களுக்கும் ஒரு வார்த்தை: நேரமில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். அந்த அரை மணி நேரமும் உங்கள் வேலைதான்.